ஹலோவின் கட்டைவிரல்

பெற்றவர்கள் அவருக்கு வைத்த பெயர் ஒன்று உண்டு. அது அடையாள அட்டையில் மட்டும் குடியிருக்கிறது, வெளியே வருவதில்லை. தெருவில் அவர் ஹலோ. வயதில் சின்னவர்களுக்கு ஹலோ அண்ணன், அதைவிடப் பொடிசுகளுக்கு ஹலோ மாமா. போனில் கூப்பிடுகிறவர்கள் பாடுதான் கொஞ்சம் திண்டாட்டம். "ஹலோ, ஹலோவா?" என்று கேட்கவேண்டியிருக்கும். "ஹலோதான், சொல்லுங்க" என்று அந்தப் பக்கத்திலிருந்து வரும். இருவரில் எவருக்கும் சிரிப்பு வராது. பழகிவிட்டது.

தொழில் மைக் செட் வாடகைக்கு விடுவது. கூட்டம், கல்யாணம், விளையாட்டு விழா, கடைத் திறப்பு எதுவானாலும் முதலில் மேடை ஏறுகிறவர் அவர்தான். மைக்கை இரண்டு தட்டு தட்டி, "ஹலோ… ஹலோ… மைக் டெஸ்டிங்… ஹலோ" என்பார். முதல் ஹலோ மைக்குக்கு, இரண்டாவது வயருக்கு, மூன்றாவது ஊருக்கு. அந்த மூன்றாவது ஹலோவைக் கேட்டுத்தான் ஜனம் நாற்காலி பிடிக்கக் கிளம்பும். அதற்குப் பிறகு மேடையில் யார் என்ன பேசினார்கள் என்று அவரிடம் கேட்டால், "நல்லாப் பேசினாங்க" என்பார். எல்லாரையும் அப்படித்தான் சொல்வார். எவர் பேச்சையும் அவர் கேட்டதே இல்லை.

கேட்க நேரம் ஏது? வாடகைக்கு விடுவதுதான் தொழில் என்று ஊர் நினைத்துக்கொண்டிருந்தது. உண்மையான தொழில் ஆம்ப்ளிஃபயரின் நடுவில் இருந்த பெரிய கறுப்புக் குமிழ். மேடை ஏறுகிற எவருக்கும் முன்னால் மைக் என்று ஒன்று இருப்பது பாதிப் பேச்சில் மறந்துபோகும். ஊர்க்கோடி வரைக்கும் தன் தொண்டையாலேயே சேதி அனுப்பப் பார்ப்பார்கள். அந்தக் கத்தல் வயர் வழியாக ஓடி, கம்பத்தில் கட்டிய ஹாரன் ஒலிபெருக்கிக்குள் அப்படியே போனால், உள்ளே தலைமுடி கனக் கம்பியால் சுற்றியிருக்கும் சுருள், அதன் பேர் காயில், கருகிவிடும். பேசியவர் மாலையோடு வீட்டுக்குப் போய்விடுவார். ஹாரனுக்கு யார் மாலை போடுவது? அதனால் கத்தல் வரும் நேரத்தில் குமிழைக் கொஞ்சம் குறைக்க வேண்டும். குறைத்தது பேசுகிறவருக்குத் தெரியக்கூடாது. மூச்சு வாங்கும்போது திரும்ப ஏற்றிவிட வேண்டும். இதைச் செய்தது அவருடைய வலது கட்டைவிரல்.

வருஷக்கணக்காக ஹாரனுக்குப் பக்கத்திலேயே கிடந்ததில் ஒரு காது முழுசாகப் போனது. இன்னொன்றில் ஒரு சில்வண்டு குடிவந்து, காலி செய்ய மறுத்தது. அதன் பிறகு அவர் கண்ணால் கேட்கக் கற்றுக்கொண்டார். கத்தப் போகிறவனுக்கு முதலில் தோள் ஏறும். அடுத்தது கழுத்து நரம்பு. வாய் கடைசியில்தான். தோள் ஏறும்போதே கட்டைவிரல் இடப்பக்கம் சாய்ந்துவிடும். பேசி முடித்து இறங்கி வருகிறவர், "இன்னைக்கு நம்ம குரல் கணீர்னு இருந்துச்சுல்ல?" என்பார். "ஆமாங்க" என்பார் ஹலோ. ஆளுங்கட்சியை எவ்வளவு குறைத்தாரோ எதிர்க்கட்சியையும் அவ்வளவே குறைத்தார். ஊரில் மிச்சமிருந்த ஒரே நடுநிலை அந்தக் கட்டைவிரல்தான்.

இப்படி எல்லாரையும் குறைத்துக் குறைத்து அவர் களைத்துப் போயிருந்தார். கடையில் வயர்ச் சுருள்களுக்கு நடுவே ஓர் ஆள் அளவுக்குப் பள்ளம் இருக்கும். மத்தியானம் அதில் படுத்துக் கண்ணை மூடுவார். தூக்கமும் இல்லை, விழிப்பும் இல்லை, சும்மா சில்வண்டைக் கேட்டுக்கொண்டிருப்பது. வாடகைக்குக் கேட்டு வருகிறவர்கள் சில நேரம் அவரை மிதித்துவிட்டுப் பிறகுதான் கும்பிடு போடுவார்கள்.

அவருக்கு ஒரே மகள். பிறந்து அழுத அழுகையைக் கேட்டு, "இது மைக் செட்காரர் வீட்டுக் குழந்தையா?" என்று நர்ஸ் விசாரித்தாளாம். வீட்டில் அவள் பேர் பாப்பா. கழுதைக்கு இருபத்திரண்டு வயதாகியும் பாப்பாதான்.

பாப்பா வேலை பார்த்தது தகடு அழுத்தும் ஆலையில். இரும்புத் தகட்டை உள்ளே தள்ளினால் மேலிருந்து ஒரு இடி விழும், கார்க் கதவுக்குக் கீல் தயார். இப்படி வரிசையாக இடிகள். பக்கத்தில் நிற்பவளிடம் தண்ணீர் பாட்டில் கேட்பதென்றாலும் அடிவயிற்றிலிருந்து கத்த வேண்டும். மெஷினுக்கு முன்னால் கையைத் தடுக்கிற ஒரு கம்பிக் கதவு இருந்தது. அது வேலையைத் தாமதப்படுத்துகிறது என்று கழற்றிவிட்டார்கள். அடுத்த மெஷினில் நின்ற சிநேகிதிக்கு விரல்கள் போயின. கவனக்குறைவு என்றது ஆலை. கதவு எங்கே என்று கேட்டாள் பாப்பா. உள்ளே கேட்டாள், பதில் இல்லை. வாசலில் நின்று கேட்டாள், கூட்டம் சேர்ந்தது. சமாதானம் பேச ஆளுங்கட்சிச் செயலாளர் வந்தார். வாசலிலேயே நாற்காலி போட்டு உட்கார்ந்து இரண்டு பக்கமும் டீ வாங்கிக் கொடுத்தார். டீ ஆறுவதற்குள் சமாதானம் ஆகிவிட்டது. பாப்பாவை வீட்டுக்கு அனுப்பிவிட்டார்கள். வாசலில் பெரிய பச்சைப் பலகை ஒன்று இருந்தது, "பாதுகாப்பே முதல்" என்று. அது மட்டும் வேலையில் நீடித்தது.

அவளோடு இன்னும் இரண்டு பேர் அந்த ஆலையை விட்டு வந்தார்கள். ஒருவன் அங்கே ரிப்பேர் பார்த்த வெல்டர். இன்னொருவன் வருகைப் பதிவு பார்த்தவன், கிட்டார் வாசிப்பான். எந்நேரமும் மடியில் கம்ப்யூட்டர் இருந்ததால் அவன் பேர் லேப்டாப். மூன்று பேரும் சேர்ந்து பாட்டுப் போடக் கிளம்பினார்கள்.

"என்ன பாட்டு?" என்றார் ஹலோ.

"இண்டஸ்ட்ரியல் மெட்டல்ப்பா. மெட்டல்னா இரும்பு."

"இரும்பு தெரியும். பாட்டு எங்க?"

போனில் ஒன்றைப் போட்டுக் காட்டினாள். அதில் வெல்டர் எண்ணெய்ப் பீப்பாயை அடித்தான், சங்கிலியை இழுத்தான், தகட்டின்மேல் கிரைண்டரை ஓட்டினான். அதற்கு மேலே கிட்டார், மாடிப்படியில் பீரோ உருண்டு வருகிற மாதிரி. உள் அறையில் பள்ளிச் சீருடை தைத்துக்கொண்டிருந்த அம்மா எழுந்து வந்து, "மேல் வீட்ல எதையோ போட்டு உடைச்சுட்டாங்க, போய்ப் பாருங்க" என்றாள். ஹலோவுக்குப் பாதிதான் கேட்டது. அந்தப் பாதியே போதும் என்றிருந்தது.

மொத்தம் எட்டுப் பாட்டு. தொகுப்பின் பேரே 'பாதுகாப்பே முதல்'. 'விரல்' என்று ஒன்று, 'விசாரணை நடக்கிறது' என்று ஒன்று. எல்லாவற்றிலும் காரமானது 'நாற்காலி'.

*நாற்காலி நாற்காலி*
*நாலும் எங்கள் கால்தானே*
*ஒன்றை நாங்கள் எடுத்துக்கிட்டா*
*எங்கே நீ உட்காருவே*

ஏழு பாட்டுக்கு இசையும் குரலும் முடிந்துவிட்டன. 'நாற்காலி'யை மட்டும் பாப்பா நிறுத்தி வைத்திருந்தாள். அதை ஹாரனில்தான் பாட வேண்டும் என்றாள். பாடுவது ஹாரனில் வர வேண்டும். ஹாரனுக்கு முன்னால் இன்னொரு மைக் வைத்து அதைப் பதிவு செய்ய வேண்டும்.

"எதுக்கு அந்தக் கொடுமை? ஹாரன்ல குரல் கிழியும்" என்றார் அப்பா.

"கிழியணும்ப்பா. இந்த ஊருக்கு வந்த பொய் எல்லாம் அதுலதானே வந்துச்சு. இதுவும் அதுலயே வரட்டும்."

அந்தப் பொய்களை எல்லாம் வாடகைக்கு அனுப்பி வைத்தவர் யார் என்று அவள் சொல்லவில்லை. சொல்லாமல் விட்டதே பெரிய மரியாதை.

"ஆம்ப்ளிஃபயர்ல நான்தான் உட்காருவேன்" என்று மட்டும் சொன்னார். வேறு எவர் கையையும் அந்தக் குமிழ் பார்த்ததில்லை.

அந்த வாரமே செயலாளர் கடைக்கு வந்தார். அடுத்த கூட்டத்துக்கு நேரம் சொல்ல வந்தவர், பேச்சோடு பேச்சாக, "என்ன ஹலோ, உன் பொண்ணு எங்கயோ கத்துதாமே" என்றார்.

"ஆமாங்க. தொண்டை வலிக்குதுன்னு சொல்லுச்சு."

"என் பேரு வருதா அதுல?"

"பேரெல்லாம் வராதுங்க. நாற்காலின்னுதான் வருது."

செயலாளர் கடையில் இருந்த ஒரே நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். அதை ஒருமுறை குனிந்து பார்த்துக்கொண்டார். "வயசுப் பொண்ணு. நாளைக்கு நாலு இடத்துல வேலைக்குப் போக வேண்டியது. நானும் எத்தனை பேருக்குத்தான் சமாதானம் சொல்ல முடியும்? நீயும் நம்ம ஆளு" என்றார். குரலை உயர்த்தவே இல்லை. தோள்கூட ஏறவில்லை. அப்படிப்பட்ட பேச்சைக் குறைக்கக் குமிழ் கிடையாது.

இதை ராத்திரிச் சாப்பாட்டில் சொன்னபோது மனைவி தட்டை வைத்துவிட்டாள்.

"எப்படியாச்சும் அதை நிறுத்துங்க. சொன்னா கேக்க மாட்டா, உங்க வித்து. நீங்க போறீங்கல்ல, போன இடத்துல ஏதாச்சும் கெடுத்துட்டு வாங்க. வயரைப் பிடுங்குங்க, எதையாச்சும் பண்ணுங்க."

"நான் கெடுக்கிற ஆளாம்மா?"

"பின்ன, வேற எதுக்கு நீங்க?"

மனைவி சொன்னதில் பாதி கோபம், பாதி பயம். ஹலோ தண்ணீர் குடித்துவிட்டுப் படுத்துக்கொண்டார்.

பதிவுக்கு அவர்கள் பிடித்த இடம் மூடிக் கிடந்த ஒரு ஐஸ் ஆலை. ஒரு பகலுக்குத்தான் சாவி கிடைத்தது. மறுநாள் அது உருளைக்கிழங்கு மூட்டைகளுக்குக் கோடவுன் ஆகிறது. சுவர் முழுக்கக் கனமான தக்கை, உள்ளே சத்தம் போட்டால் வெளியே போகாது. ஐஸ் நின்று எவ்வளவோ காலமாகியும் தரை மட்டும் குளிரை விடவில்லை. காலையில் ஹலோ ஹாரனை ஓர் இரும்புத் தூணில் கட்டினார், வயர் இழுத்தார், ஒரு பீப்பாய்மேல் ஆம்ப்ளிஃபயரை வைத்துப் பின்னால் ஒரு பலகையில் உட்கார்ந்தார். மைக்கைத் தட்டினார். "ஹலோ… ஹலோ… மைக் டெஸ்டிங்… ஹலோ." மூன்றாவது ஹலோ தக்கைச் சுவரில் மோதி நல்ல கனமாகத் திரும்பி வந்தது. லேப்டாப் விரலை உயர்த்தினான். பாப்பா ஆரம்பித்தாள்.

முதல் தடவை சரியாக வரவில்லை. முதல்தானே என்றார்கள். இரண்டாவதும் வரவில்லை. லேப்டாப் திரையைப் பார்த்துப் பல்லைக் கடித்தான்.

"மத்த இடமெல்லாம் நல்லா வருது. 'எங்கே நீ உட்காருவே'ன்னு ஏறுற இடத்துல மட்டும் இறங்கிடுது. இந்தக் கோட்டைப் பாரு, அங்க குண்டாகணும், எலி வாலாட்டம் ஆயிடுது."

வயரை மாற்றினார்கள். மைக்கை மாற்றினார்கள். பாப்பாவைத் தூணுக்கு அந்தப் பக்கம் நிறுத்தினார்கள். வெல்டர் தன் பீப்பாய் அதிகமோ என்று துணி போட்டு அடித்தான். எல்லாத் தடவையும் பாட்டு முட்டி மோதி ஏறி, உச்சிக்கு வருகிற நேரத்தில் பழைய செருப்பு மாதிரி தொய்ந்துபோனது. ஹலோவும் அவர் பங்குக்கு எழுந்து போய் ஹாரன் இணைப்பைத் திருகிப் பார்த்துவிட்டு வந்தார். மனசார உதவினார்.

மத்தியானத்துக்குள் பாப்பாவின் முகம் மாறிவிட்டது.

"மெஷின் தப்பில்லடா. நான்தான்" என்றாள்.

"சும்மா இரு."

"இல்ல. ஆலையில நிக்கும்போதே டாக்டர் சொன்னாரு, தொண்டையில காய்ப்பு விழுந்திருக்குன்னு. கத்திக் கத்தியே. எனக்குள்ள சத்தமாத்தான் கேக்குது, வெளியில வரலை. வேலையைத்தான் எடுத்துக்கிட்டானுங்கன்னு நெனச்சேன். இதையும் எடுத்துட்டுத்தான் அனுப்பியிருக்கானுங்க."

அழவில்லை. கிழிந்த சட்டையைக் காட்டுகிற மாதிரி சாதாரணமாகச் சொன்னாள். ஹலோவுக்கு அதுதான் வலித்தது. கூடவே அவரே எதிர்பாராத இன்னொன்றும் வந்தது, ஒரு சின்ன நிம்மதி. போகட்டும், தானாகவே முடிந்தது. செயலாளரும் கேட்கமாட்டார், வீட்டிலும் தட்டு இறங்காது. இப்படி நினைத்ததும் அவருக்குத் தன்மேலேயே ஒரு கசப்பு. ஆனாலும் நிம்மதி நிம்மதிதான். நல்ல வெயிலில் நடந்தவனுக்கு எவன் வீட்டு நிழலாயிருந்தால் என்ன.

"கடைசியா ஒண்ணு பாத்துடலாம்" என்றான் லேப்டாப். "சத்தம் போடாத. தொண்டைக்கு ரெஸ்ட் கொடு. வாயை மட்டும் அசைச்சுப் பாடிக் காட்டு. எங்க மூச்சு வாங்குறன்னு பாக்குறேன்."

பாப்பா மைக் முன்னால் நின்று சத்தமில்லாமல் பாடினாள். வெல்டர் அடிக்கவில்லை. ஐஸ் ஆலையில் சத்தம் என்று எதுவும் இல்லை, ஹலோவின் காதிலிருந்த சில்வண்டைத் தவிர. வாய் அசைந்தது. நாற்காலி, நாற்காலி. நாலும் எங்கள் கால்தானே. தோள் ஏறியது. கழுத்தில் நரம்பு புடைத்தது. ஹலோ தற்செயலாகக் கீழே பார்த்தார்.

அவருடைய கட்டைவிரல் குமிழை இடப்பக்கம் சாய்த்திருந்தது.

ஒரு சத்தமும் இல்லாத இடத்தில், குறைக்க எதுவும் இல்லாத இடத்தில், அது பாட்டுக்குக் குறைத்துவிட்டு, அவள் மூச்சு வாங்கும்போது சமர்த்தாகத் திரும்பி வந்தது. திருடனைக் கையும் களவுமாகப் பிடித்தவனுக்குத் திருடன் தன் வீட்டுப் பிள்ளை என்று தெரிந்தால் எப்படியிருக்கும், அப்படி இருந்தது அவருக்கு. காலையிலிருந்து எல்லாத் தடவையும் இதேதான் நடந்திருக்கிறது. கெடுத்துட்டு வாங்க என்றாள் மனைவி. தனக்கே தெரியாமல் பண்ணியிருக்கிறார், அதுவும் நேர்த்தியாக.

நிமிர்ந்து பார்த்தார். எவரும் கவனிக்கவில்லை. லேப்டாப் உதட்டைப் பிதுக்கினான்.

"மூச்செல்லாம் சரியாத்தான் இருக்கு. அப்போ தொண்டைதான். வேணும்னா அந்த இடத்தை நான் பாடுறேன். இல்ல, கம்ப்யூட்டர் குரல் வச்சுக்கலாம்."

"வச்சுக்கோ" என்றாள் பாப்பா. மைக்கை ஸ்டாண்டில் மாட்டினாள். அதை மாட்டிய விதம், இனி எடுக்கப் போவதில்லை என்பது போல இருந்தது. "வாங்கப்பா போலாம். ஹாரனை இறக்குங்க."

ஹலோ எழுந்தார். இறக்கு என்று சொன்னால் இறக்குவதும் ஒரு பழக்கம்தான். தூணிலிருந்து வயரை அவிழ்த்து முழங்கைக்கும் கட்டைவிரலுக்கும் நடுவே சுற்ற ஆரம்பித்தார். சுற்றி முடித்தால் வீட்டுக்குப் போகலாம். வயர்ப் பள்ளத்தில் கிடக்கலாம். அவள் வேறு எங்காவது வேலைக்குப் போவாள், பேசமாட்டாள், பத்திரமாக இருப்பாள். ஒரு வார்த்தை பொய் சொல்ல வேண்டியதில்லை. சும்மா சுற்றினால் போதும். இவ்வளவு சுலபமான பொய்யை அவருடைய ஹாரன்கூட ஊருக்குச் சொன்னதில்லை.

ஆனால் இந்தப் பெண், தன் தொண்டையை ஆலைக்காரன் தின்றுவிட்டான் என்று நம்பிக்கொண்டே மீதி வாழ்நாளை ஓட்டுவாள். தின்றவன் பக்கத்திலேயே உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பான்.

சுருள் பாதியில் நின்றது. அவர் அதைத் திரும்ப அவிழ்த்துக் கொண்டுபோய் மாட்டினார். மாட்டிவிட்டு ஆம்ப்ளிஃபயருக்குப் பின்னால் வந்து உட்கார்ந்தார்.

"பாப்பா, இங்க வா."

"என்னப்பா?"

"என் கை மேல உன் கையை வை. இல்ல, வெரல் மேல. கட்டைவெரல்."

வைத்தாள். சில்லென்று இருந்தது.

"இப்போ கத்து."

"எதுக்கு?"

"கத்தேன்."

அவளுக்குப் புரியவில்லை. ஆனாலும் மூச்சை இழுத்தாள். தோள் ஏறியது. அவள் விரல்களுக்கு அடியில் அவருடைய கட்டைவிரல், பூனை போலப் பதுங்கி, இடப்பக்கம் போனது. கத்த வாயைத் திறந்தவள் அப்படியே நின்றுவிட்டாள்.

இன்னொரு முறை மூச்சை மட்டும் இழுத்துப் பார்த்தாள். விரல் மறுபடியும் போனது.

"காலையில இருந்தா?" என்றாள்.

"ம்."

"எல்லாத் தடவையுமா?"

"எனக்கே இப்பத்தாம்மா தெரியும். அது என்னைக் கேட்டுச் செய்யறதில்ல." அவருக்கு அவள் முகத்தைப் பார்க்கத் துணிவில்லை. "உன் தொண்டைக்கு ஒண்ணும் ஆகலை. நல்லாருக்கு. நல்லா இருந்ததாலதான் இது இவ்வளவு வேலை பாத்திருக்கு."

வெல்டர்தான் முதலில் சிரித்தான். "வயரை எத்தனை தடவை மாத்தினோம் மாமா. நீங்களே வந்து திருகிக் கொடுத்தீங்களே."

"அதான் சொல்றேனே."

"என் பீப்பாய்க்குக் கோவணம் கட்டி அடிச்சேன் மாமா."

பாப்பா சிரிக்கவில்லை. அப்பாவின் கையை விடவும் இல்லை. கோபத்தில் ஏதோ சொல்ல வந்தாள், அந்த விரலைப் பார்த்தாள். நகம் தேய்ந்து, ஓரம் முழுக்கக் குமிழின் வரி பதிந்து, ஒரு பக்கமாகவே வளைந்துபோயிருந்தது. அதுவும் காய்த்திருந்தது.

"உங்களை என்னப்பா பண்றது?" என்றாள்.

"என்னை ஒண்ணும் பண்ண முடியாது. இதைப் பண்ணலாம்." அவர் கறுப்புக் குமிழைப் பிடித்து இழுத்தார். அது ஆம்ப்ளிஃபயரை விட்டுக் கழன்று கையோடு வந்தது. உள்ளே வெறும் இரும்புத் தண்டு நின்றது. குறட்டால் அதைப் பிடித்து வலப்பக்கம், போகிற மட்டும் திருகினார். குமிழைச் சட்டைப் பைக்குள் போட்டுக்கொண்டார்.

"ஹாரன் போயிடும்ப்பா."

"தெரியும்."

இரண்டு கைகளையும் தொடைக்கு அடியில் வைத்து, அதன்மேல் உட்கார்ந்துகொண்டார். வகுப்பில் பக்கத்துப் பையனைக் கிள்ளி மாட்டிக்கொண்டவன் உட்கார்வதைப் போல.

வெல்டர் துணியை எடுத்துவிட்டு அடித்தான். கிட்டார் இறங்கியது. பாப்பா பாடினாள். ஹலோவுக்கு வார்த்தை கேட்கவில்லை. பல்லில் கேட்டது, முதுகெலும்பில் கேட்டது, உட்கார்ந்திருந்த பலகை வழியாகக் கைகளில் கேட்டது. தோள் ஏறியது. தொடைக்கு அடியில் கட்டைவிரல் துடித்தது. தொடையை அழுத்தினார். கழுத்து நரம்பு புடைத்தது. எங்கே நீ உட்காருவே. ஹாரன் ஒரு மிருகத்தைப் போலக் கிழிந்து கத்தியது. அந்தக் கடைசி வார்த்தையின் வாலில் கர்ரென்று இழுத்து, சின்னதாக ஒரு சீறல் சீறி, அடங்கிவிட்டது. இது தெரியாத வெல்டர் கொஞ்ச நேரம் தனியாக அடித்துக்கொண்டிருந்தான்.

கருகல் நாற்றம் வந்தது. ஹலோவுக்கு அந்த நாற்றம் தெரியும். வாழ்நாள் முழுக்க அதைத்தான் வரவிடாமல் பார்த்துக்கொண்டிருந்தார்.

"இதுதான்" என்றான் லேப்டாப், மெதுவாக. "ஹாரன் சாகறது வரைக்கும் பதிவுல விழுந்திருக்கு. இதுதான் வேணும்."

போட்டுக் கேட்டார்கள். காலையிலிருந்து பதிவானதெல்லாம் ஒரே வரிசையில் கிடந்தது. அதனால் முதலில் வந்தது பாட்டு இல்லை. "ஹலோ… ஹலோ… மைக் டெஸ்டிங்… ஹலோ."

"இந்த ஹலோவோட பாட்டு ஆரம்பிச்சா எப்படியிருக்கும்?" என்றான் வெல்டர்.

"வேணாம், வெட்டிடு" என்றாள் பாப்பா, சட்டென்று. "ஊர்ல இந்தக் குரல் தெரியாதவன் கிடையாது. அடுத்த கூட்டத்துக்கு யாரு கூப்பிடுவா? வெட்டுடா."

லேப்டாப் ஹலோவைப் பார்த்தான். ஹலோ தரையைப் பார்த்தார். களைப்பாக இருந்தது. இன்று ஏற்கெனவே ஒரு முடிவு எடுத்தாயிற்று. ஒரு நாளைக்கு ஒன்றுக்கு மேல் எடுக்க அவர் பழகியவர் இல்லை.

"இன்னொரு தடவை போடு" என்றார். காதைத் திரைக்குப் பக்கத்தில் வைத்துக் கேட்டார். "முதல் ரெண்டு நல்லால்ல. சளி. அதை வெட்டிடு."

"மூணாவது?"

"அது இருக்கட்டும்."

சாயங்காலம் செத்த ஹாரனைத் தோளில் போட்டுக்கொண்டு வீட்டுக்குப் போனார். மனைவி தையல் மெஷினை நிறுத்தினாள்.

"என்னாச்சு? கெடுத்தீங்களா?"

"ஒரு ஹாரனைக் கெடுத்துட்டேன்."

"அவ தொண்டை?"

"அது இருக்கு."

மனைவி மறுபடி மெஷினை ஓட்டத் தொடங்கினாள். அடுத்து வந்த தையல் கொஞ்சம் கோணலாகத்தான் போனது. அவள் அதைப் பிரிக்கவில்லை.

தொகுப்பு வெளிவந்து போன் போனாகச் சுற்றியது. ஆலைப் பேருந்தில் பின் இருக்கைக்காரர்கள் போட்டுக் கேட்டார்கள். ஒருநாள் செயலாளர் மறுபடியும் கடைக்கு வந்தார். இந்த முறை உட்காரவில்லை.

"ஏம்ப்பா ஹலோ. அதுல முதல்ல வர்ற குரல் உன்னோடதா?"

"ஆமாங்க."

"அப்போ அந்த நாற்காலி?"

"அது உங்களோடதுங்க."

செயலாளர் தலையை ஆட்டிக்கொண்டே போனார். அதன் பிறகு அவர்கள் கூட்டம் அடுத்த தெரு மைக் செட்காரருக்குப் போயிற்று. எதிர்க்கட்சிக்காரர்களும், 'இன்றைக்கு அவர்களை, நாளைக்கு நம்மளை' என்று கணக்குப் போட்டு அங்கேயே போனார்கள். கல்யாணமும் விளையாட்டு விழாவும் மிச்சம். பாப்பா ஒரு பிரஸ்ஸில் காகிதம் அடுக்கும் வேலைக்குப் போனாள். ஞாயிறுகளில் கடைக்கு வருவாள்.

அப்படி ஒரு ஞாயிறு, மைதானத்தில் கூட்டம். புது மைக் செட்காரருக்குப் பழக்கமில்லை. செயலாளர் கத்தியது ஊரெல்லாம் கிழிந்து கேட்டது. ஹலோவின் காதுக்கே வந்துவிட்டது. அவர் வயர்ப் பள்ளத்தில் கண்ணை மூடிப் படுத்திருந்தார். பாப்பா பக்கத்தில் உட்கார்ந்து செத்த ஹாரனுக்குப் புதுக் காயில் மாட்டிக்கொண்டிருந்தாள்.

"அப்பா, வெரலைச் சும்மா வைங்க" என்றாள்.

ஹலோ கண்ணைத் திறந்து பார்த்தார். வயிற்றின்மேல் கட்டைவிரல் இடப்பக்கம் சாய்ந்திருந்தது. மைதானத்தில் சத்தம் கொஞ்சமும் குறையவில்லை.

"பாவம், அங்க காயில் போகுது" என்றார். மறுபடியும் கண்ணை மூடிக்கொண்டார்.